படகுக்கு ஒரு கணப்பு

திருப்புலிவனம்,
8 அக்டோபர் 2023

வணக்கம்.

உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்த கொஞ்ச நாளில் உங்களைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. டீ எடுத்து வந்து பக்கத்தில் நின்றால் நீங்களே நிமிர்ந்து பார்த்துவிடுவீர்கள்.

போனில் கேட்க முடியாததால் மெயிலில் எழுதுகிறேன். உங்கள் போன் வந்ததுமே அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். ஏஞ்சல் என் தோள் வழியாக எட்டி அண்ணன் முகத்தைப் பார்க்கிறாள். என் முறை வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். "சாப்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினீர்கள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்று அத்தை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஓர் அன்னம் போனது. அது பறக்கவில்லை, நடக்கவும் இல்லை. உங்கள் தோள் உயரத்தில் மிதந்து போனது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் இரண்டு குஞ்சுகள்.

தரையில் கட்டிய எந்த வீட்டு ஜன்னலிலும் அன்னம் அப்படிப் போகாது.

"கம்பெனி குவார்ட்டர்ஸ், தண்ணிக்குப் பக்கத்துல, அமைதியா இருக்கும்" என்று பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என்றுதான் என் காதில் விழுந்தது. மேலே என்று விழவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கள், அது படகா?

எனக்கு நீச்சல் தெரியாது. உங்கள் பெரியம்மா எனக்குத் தோசை வருமா என்று கேட்டார்கள். நீச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

செவ்வந்தி


இங்கிலாந்து, கால்வாய்க்கரை
10 அக்டோபர்

செவ்வந்திக்கு,

நான் எழுதினா பேசற மாதிரிதான் வரும். ஐ.டி.ஐ. கை, வெல்டிங் ராடு புடிச்சாதான் கோடு நேரா போவும். சிரிக்காத.

ஆமா, படகுதான். எங்கம்மா கண்ணுல படாதது உன் கண்ணுல பட்டுச்சே! இனிமே போன் பேசறப்போ ஜன்னல்ல துண்டு மாட்டிக்கினுதான் பேசணும் போல கீது.

கேளு. நான் வேல செய்யறது ஒரு படகுப் பட்டறையில. காலின்னு ஒரு கெழவரு அதுக்கு ஓனரு. இத்தினி நாளா நாலு பசங்களோட ஒரே ரூம்ல கீந்தேன். அங்க உன்ன எப்படி கூட்டிக்கினு வர்றது? தனி வூடு எடுக்கலாம்னா வாடக நமக்கு எட்டாது. பட்டறை ஓரத்துல ஒரு பழைய இரும்புப் படகு துருப்புடிச்சுக் கெடந்துது. "அடி ஓட்டையா கீது, நீயே பத்தவெச்சி நீயே குடியிரு"ன்னு காலின் சொல்ட்டாரு. அடித்தகடு மொத்தமும் நான் போட்டது. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் கீது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது.

அம்மாகிட்ட சொன்னா அன்னிக்கே உபவாச ஜெபம் ஆரம்பிச்சிடும். உன்கிட்ட சொல்லணும்னு ரெண்டு மூணு வாட்டி வாயெடுத்தேன். நீ தலையே நிமிரல. குனிஞ்ச தலைகிட்ட படகுன்னு எப்படி ஆரம்பிக்கறது?

ஒரே பேஜாரு, குளிரு. இரும்பு இல்ல? கை வெச்சா ஒட்டிக்குது. இங்க படகுல எல்லாரும் டீசல்ல ஓடற ஹீட்டருதான் வெச்சிக்கினு கீறாங்க. அதுல மூணு வகையாம். ஒண்ணு டீசல எரிச்சு பேன் வெச்சு சூடு காத்த ஊதும். ஒண்ணு தண்ணிய சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும். இன்னொண்ணு அடுப்பு மாதிரி, டீசல் சொட்டு சொட்டா எறங்கி அதுபாட்டுக்கு எரியும், பொகைக்கு மேல ஒரு கொழாய். ஃபிட்டருக்கு மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். அதுக்கு மேல அவரு சிக்கமாட்டாரு.

நீ மெக்கானிக்கல் இன்ஜினியரு. பந்தியில உங்க மாமா "பி.இ. பொண்ணு, பி.இ. பொண்ணு"ன்னு பாயசத்துக்கு பதிலா அதயே பரிமாறினாரே. நீயே சொல்லு, எது வாங்கலாம்?

அதுக்கு மின்ன ஒண்ணு சொல்லு. ஜனவரில நீ வருவியா, மாட்டியா? நான் மட்டும்னா ஹீட்டரே வேணாம். ரெண்டு கம்பளியில ஓட்டிடுவேன். நீ வர்றதா இருந்தாதான் இதெல்லாம்.

டேனியல்


திருப்புலிவனம்,
15 அக்டோபர்

வணக்கம்.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுக்குத்தான் இப்போது பதில் சொல்ல முடியும். அதுவும் நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொன்ன பிறகு.

படகின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு? சுவரின் இரும்புக்கும் உள்பலகைக்கும் நடுவில் ஏதாவது அடைத்திருக்கிறதா, வெறும் இடைவெளியா? ஜன்னல் கண்ணாடி ஒற்றையா, இரட்டையா? பேட்டரி எத்தனை, எதில் சார்ஜ் ஏறுகிறது? காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது? காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்? படகின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். வெளியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

பந்தியில் மாமா சொன்னதற்கு நான் பொறுப்பில்லை. காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அன்றைக்கு யாரும் பாயசம் போடவில்லை. "இத்தினி படிச்சிட்டா, இனி இவளுக்கு மாப்ள எங்க தேடறது?" என்றுதான் கேட்டார்கள். மாமா அந்தக் கடனைப் பந்தியில் தீர்த்துக்கொண்டார்.

எனக்கு ஒரகடத்தில் வேலை என்று தெரியும், என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை. கார் ரேடியேட்டர்களில் கசிவு பார்க்கும் பிரிவு. ரேடியேட்டரைத் தண்ணீருக்குள் இறக்கிக் காற்றை ஏற்றி, எங்கேயாவது குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் அது போகாது. அதனால் ஒரு சொட்டும் உள்ளே வராது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும்.

இங்கே மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. கொசுவும்தான். "ஈரக்காத்து தலையில எறங்கிடும்" என்று அத்தை ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத்துளைகளில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்துவிட்டார்கள். அறையில் காற்றே இல்லை. எடுத்துவிடலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள்.

செவ்வந்தி


கால்வாய்க்கரை
18 அக்டோபர்

செவ்வந்திக்கு,

நீ கேட்டத பாத்தா பொண்டாட்டி எழுதின லெட்டர் மாதிரியே இல்ல, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளு வந்த மாதிரி கீது. காலின்கிட்ட காட்டி அர்த்தம் சொன்னேன். "சரியாத்தான் கேக்குது உன் சம்சாரம், எனக்கு ஒரு வேல மிச்சம்"ன்னாரு.

நீளம் அம்பது அடி. அகலம் ஏழு அடிகூட இல்ல. நம்ம ஊரு டவுன் பஸ்ஸவிட குறுகல், ஆனா ஒண்ணர பஸ் நீளம்னு வெச்சிக்க. நின்னா கூரை எனக்கு ஒரு ஜாண் மேல. சுவத்துல நொர மாதிரி ஒண்ணு அடிச்சிக் கீது, நல்லா கெட்டியா. கண்ணாடி ஒத்த. பேட்டரி மூணு. கூரையில சோலார் தகடு, ஆனா இங்க குளிர்காலம் வந்துட்டா சாய்ங்காலம் நாலு மணிக்கே விளக்கேத்தணும். சூரியன் வேலைக்கு வர்றதே லேட்டு, போறது சீக்கிரம். கரையில இருந்து கரண்ட்டு இந்த மூலைக்கு வராது. இன்ஜின ஒரு மணி நேரம் ஓட்டினா கொஞ்சம் ஏறும்.

காத்துக்கு, கூரையில காளான் மாதிரி மூடி போட்ட துவாரம் நாலு. கதவுக்குக் கீழ சல்லட மாதிரி ஒண்ணு. சனியன், குளிரெல்லாம் அதுல தான் வருது.

ஏழரைக்குப் போனா அஞ்சரைக்கு வருவேன்.

எனக்கு பேன் ஹீட்டருதான் சரின்னு தோணுது. பட்டறையில முக்காவாசிப் பேரு அதத்தான் வெச்சிக்கினு கீறாங்க. எட்டு கிலோவாட்டுன்னு பெருசா ஒண்ணு கீது, போட்டா பத்து நிமிஷத்துல சட்டைய கழட்டிடலாமாம்.

போட்டோ அனுப்பிக் கீறேன். பச்ச பெயின்ட்டு நான் அடிச்சது. பின்னால தெரியற போர்டு பட்டறையோடது.

ரெண்டாவது கேள்விக்கு பதில் எங்க?

டேனியல்


திருப்புலிவனம்,
22 அக்டோபர்

வணக்கம்.

போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே நீங்கள் போட்ட பற்றவைப்பு, மீன் செதில் அடுக்கியது போல ஒரே சீராக இருக்கிறது. எங்கள் பிரிவில் அது முதல் பார்வையிலேயே தேறிவிடும்.

முதலில் எனக்குத் தண்ணீர் ரேடியேட்டர்தான் பிடித்தது. காரணம், தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். ஆனால் தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்கு எப்போதும் கரண்ட் வேண்டும். நான்கு மணிக்கு இருட்டும் ஊரில் மூன்று பேட்டரியை வைத்துக்கொண்டு அதை ஓட்டுவது கடினம். அதை விட்டுவிடலாம்.

மற்ற இரண்டையும் இப்படிப் புரிந்துகொண்டேன். பேன் வைத்தது நம் பம்ப் ஸ்டவ் மாதிரி. சட்டென்று பிடிக்கும், உறுமும், பற்றவைக்கும்போது பேட்டரியை நன்றாக இழுக்கும். பிறகு குறைத்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக எரிவது திரி ஸ்டவ் மாதிரி. எண்ணெய் தானாக இறங்கும், கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. சூடேற நேரமாகும், ஏறினால் நிற்கும்.

எதுவாக இருந்தாலும் எட்டு கிலோவாட் வேண்டாம். கல்யாண அண்டாவில் ஒரு படி அரிசி வடித்தால் என்ன ஆகும்? பெரிய ஹீட்டரை எப்போதும் சிறு தீயில் வைத்திருந்தால் டீசல் முழுதாக எரியாமல் உள்ளே கரி கட்டும். ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. உங்கள் படகின் அளவுக்கு அதில் பாதி போதும்.

நான் சொட்டு அடுப்பைத்தான் சொல்வேன். சத்தமில்லாத இடத்தில் இருக்க எனக்குப் பிடிக்கும்.

செவ்வந்தி


கால்வாய்க்கரை
24 அக்டோபர்

செவ்வந்திக்கு,

"இருக்கப் பிடிக்கும்"னு எழுதிக் கீற. அத நாலு வாட்டி படிச்சேன். அது பதிலா, இல்ல சும்மா சொன்னதா?

அடுப்புல ஒரு சிக்கல் கீது. காலின்கிட்ட கேட்டேன். அத பத்தவெச்சா அணைக்காம வெச்சிக்கணுமாம். ஆளில்லாத படகுல நாள் பூரா எரியவிட்டுட்டுப் போறது அவரு ஒத்துக்கமாட்டாரு. நான் சாய்ங்காலம் வந்து பத்தவெச்சா, சூடேறி படகு தேற்றதுக்குள்ள தூங்கற நேரம் வந்துடும்.

நான் மட்டும்னா அது ஒத்துவராது. ஆனா நீ வந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. நீ வூட்லதானே இருப்ப? காலைல பத்தவெச்சிட்டு, நாள் பூரா பக்கத்துல இருந்து பாத்துக்கலாம். நான் வர்றப்போ கதகதன்னு இருக்கும். அதனால நீ சொன்னதயே வாங்கிடலாம். ஃபிட்டருகிட்ட சொல்லட்டுமா?

டேனியல்


திருப்புலிவனம்,
29 அக்டோபர்

வணக்கம்.

சொல்ல வேண்டாம்.

அந்த அடுப்புக்கு நாள் முழுவதும் ஒரு காவல் ஆள் வேண்டும். அந்த ஆள் நான் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். "வூட்லதானே இருப்ப" என்பது கேள்வி மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கேள்வி இல்லை.

கல்லூரிக்குப் போக உத்திரமேரூரில் பஸ் மாறிச் செங்கல்பட்டு வரை நான்கு வருடம் நின்றுகொண்டே போனேன். வகுப்பில் எழுந்து பேசப் பயம். ஆய்வகத்தில் மட்டும் பயம் இல்லை. அங்கே பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும். சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். அதை ஏழடி அகலத்தில் ஓர் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க நான் படிக்கவில்லை.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி


கால்வாய்க்கரை
29 நவம்பர், காலை

செவ்வந்திக்கு,

ஒரு மாசமா எழுதல. ஞாயித்துக்கெழமையானா நீ "சாப்டீங்களா"ன்னு கேக்கற, நான் "ம்"ங்கறேன். எங்கம்மா, "பாத்தியா ரெண்டும் எவ்ளோ ஒத்துமையா கீதுங்க"ன்னு ஏஞ்சல்கிட்ட சொல்றது எனக்குக் கேக்குது.

உன் லெட்டருக்கு பதில் எழுத உக்காந்து உக்காந்து அழிச்சேன். நீ சொல்லாம எதையும் வாங்கக்கூடாதுன்னு வீம்பா கீந்தேன். ஃபிட்டரு வேற ஊருக்குப் போயிட்டாரு. இப்ப இங்க கால்வா மேல தண்ணி கண்ணாடியாட்டம் ஒறஞ்சி கெடக்குது. அந்த அன்னம் அதும்மேல வழுக்கிக்கினு நடக்குது, பாத்தா சிரிச்சிடுவ.

கவலப்படாத. நானே ஒரு வழி பண்ணிட்டேன். அம்மா பெட்டியில வெச்சி அனுப்பின பழைய பொடவ இருந்துச்சில்ல, அத கிழிச்சி கூரைல கீற ஓட்டை, கதவு சல்லட எல்லாத்துலயும் திணிச்சிட்டேன், நம்ம வூட்ல பண்ற மாதிரியே. கேஸ் அடுப்ப சின்னதா எரியவிட்டா போதும், உள்ள கம்முனு நம்ம ஊரு சித்திர மாசம். சுவத்துல கேஸ் அலாரம் ஒண்ணு கீது, அது வேற கத்திக்கினே கீந்துது. பேட்டரி வீக்குன்னு நெனச்சி கழட்டிப் போட்டுட்டேன்.

ரெண்டு நாளா காலைல எழுந்தா தல பாரமா கீது, கொமட்டுது. நாஷ்டா எறங்கல. ஜலதோஷந்தான். இன்னிக்கு லீவு சொல்ட்டேன். அடுப்ப வெச்சிட்டு நல்லா இழுத்துப் போத்திக்கினு தூங்கப் போறேன்.

கோவம் போயிடுச்சின்னா எழுது.

டேனியல்


ஒரகடம்,
29 நவம்பர், மதியம்

அடுப்பை அணையுங்கள். கதவைத் திறந்து வெளியே போய் நில்லுங்கள். அது ஜலதோஷம் இல்லை, விஷப்புகை. துணியை எடுங்கள். போனை எடுங்கள். தயவுசெய்து போனை எடுங்கள்.


கால்வாய்க்கரை, பட்டறை ஆபீஸ்
1 டிசம்பர்

செவ்வந்திக்கு,

நல்லா கீறேன். மொதல்ல அத எழுதிடறேன்.

ஆஸ்பத்திரில ஒரு நாள் மூக்குல ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. இப்ப தல தெளிஞ்சிடுச்சி. படகுக்கு இன்னும் போவல, காலின் அவரு ஆபீஸ் சோபாவுல படுக்கச் சொல்லிக் கீறாரு. போன் தலகாணிக்குக் கீழதான் கீந்துது, உன் மிஸ்டு கால் இருவதுக்கு மேல. எனக்கு ஒண்ணுகூட கேக்கல. கேக்கற நெலமையில நான் இல்லைன்னு டாக்டரு சொன்னாரு.

என்ன நடந்துதுன்னு காலின்தான் சொன்னாரு. அவரு பட்டறைய தொறந்து டீ போட்டுக்கினு கீந்தாராம். போன் அடிச்சிதாம். எடுத்தா யாரோ மூச்சு வாங்கற சத்தம். மூணு வாட்டி ஹலோ சொல்லிட்டு வெக்கலாம்னு போறப்போ, ரொம்ப மெல்லிசா ஒரு கொரலு: "சார், குட் மார்னிங். சாரி டு டிஸ்டர்ப். ப்ளீஸ் ப்ரேக் தி டோர்." எந்த கதவும்மான்னு கேட்டிருக்காரு. "டேனியல். டேனியல். கிரீன் போட். கேஸ். ஹோல்ஸ் ஆர் க்ளோஸ்டு." அவருக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டி வரலயாம். "முப்பது வருசத்துல இவ்ளோ மரியாதையா யாரும் என்ன கதவ ஒடைக்கச் சொன்னதில்ல"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறாரு.

என்ன லுங்கியோட பனியில இழுத்துப் போட்டிருக்காங்க. பட்டறையே பாத்துச்சு. அந்த நீலக்கட்டம் போட்ட லுங்கி.

நம்பரு எப்படி கெடச்சிது உனக்கு? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அப்புறம் நான் அனுப்பின போட்டோவ பாத்தேன். போர்டுல ஈ சைசுல கீது.

ஓட்டையில இருந்த பொடவத் துணிய காலின் எடுத்து, மடிச்சி, ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாரு. தூக்கிப் போட அவருக்கு மனசு வரலயாம், பார்டரு நல்லா கீதாம்.

இன்னொண்ணு எழுதணும். எங்கம்மா வேலைக்குப் போவாத நாள நான் பாத்ததில்ல. நடவு, களையெடுப்பு, அறுப்பு, அது இல்லன்னா சித்தாள் வேல. ஜொரத்தோட போவும். அப்பல்லாம் நெனச்சிக்குவேன், நமக்கு ஒருத்தி வந்தா அவள வூட்ல உக்கார வெச்சி காப்பாத்தணும்னு. எனக்குத் தெரிஞ்ச பெரிய மரியாத அதுதான். அததான் அப்படி எழுதிட்டேன். உனக்கு அது வேற மாதிரி கேக்கும்னு தெரியல. காவலுக்கு உன்ன கூப்புடல.

ஃபிட்டரு கிறிஸ்மஸுக்கு மின்ன ஒரு நாள் தர்றேன்னு சொல்லிக் கீறாரு. நீ என்ன சொல்றியோ அது. வர்றியான்னு இனிமே கேக்கமாட்டேன்.

டேனியல்


திருப்புலிவனம்,
10 டிசம்பர்

டேனியலுக்கு,

உங்கள் பெயரை நான் முதல்முறை சத்தமாகச் சொன்னது ஒரு வெள்ளைக்காரரிடம். கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில் நின்று சொன்னேன். குழாய்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் கத்த வேண்டியிருந்தது. எனக்கு அது கத்தியதாகத்தான் ஞாபகம். அவருக்கு மெல்லிசாகக் கேட்டிருக்கிறது. ஒருமுறை சொல்லியாகிவிட்டதால் இப்போது எழுத முடிகிறது.

அன்று போனை வைத்த பிறகு அவர் திருப்பிக் கூப்பிடும் வரை அங்கேயே நின்றேன். "ஹி ஈஸ் ஷவுட்டிங் அட் மி, ஸோ ஹி ஈஸ் ஃபைன்" என்றார். நான் "தேங்க் யூ சார்" என்று எத்தனை முறை சொன்னேன் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததை மறைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"படகா? அவன் குவார்ட்டர்ஸுன்னானே!"

"ஆமாங்கத்தே, படகுதான்."

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"அக்டோபர்லேருந்து."

"அடிப்பாவி. வாயில வெரல வெச்சா கடிக்கத் தெரியாதவ நீன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போவட்டும். பைபிள்ல நோவாவும்தான் பேழையில குடும்பம் நடத்துனாரு. ஆனா அவரு ஜன்னல தொறந்து பொறாவ வுட்டாரு. எம்புள்ள துணிய வெச்சி அடச்சிக் கீறான்" என்றார்கள். எழுந்து போய், நாற்காலி போட்டு ஏறி, நம் அறை ஜன்னலுக்கு மேலே இருந்த துணியை உருவிப் போட்டார்கள். "நான் கத்துக்குடுத்தததான் அவன் செஞ்சிட்டான்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது வீடு முழுக்கக் காற்று வருகிறது, கொசுவும் வருகிறது. ஏஞ்சல் உங்களைத் திட்டிக்கொண்டே கொசுவலை கட்டுகிறாள்.

அத்தை வேலைக்குப் போன நாட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். அம்மா என்னிடம் சொன்னது, "நீ உக்காந்து வேல செய்யணும்." உங்களுக்கு உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, எங்கள் அம்மாவுக்கு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இரண்டும் ஒரே வயலில் நின்றவர்களைப் பார்த்து வந்ததுதான். அதனால் அந்தக் கோபத்தை விட்டுவிட்டேன். ஆனால் வேலையை விடுவதாக இல்லை. எங்கே இருந்தாலும்.

இனி ஹீட்டர். சொட்டு அடுப்பு வேண்டாம். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் சத்தம் இல்லை என்பது. ஆனால் அது வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு உள்ளது. பேன் வைத்ததே வாங்குங்கள். நான்கு கிலோவாட். டைமர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து மணிக்கு அதுவே பற்றிக்கொள்ளும், காலையில் கிளம்பும்போது அதுவே அணையும். யாரும் காவல் இருக்க வேண்டாம். எரிக்கும் காற்றை அது வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியிலேயே விட வேண்டும். புகைக்குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் ஃபிட்டர் போன பிறகு சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அது போகாது. வாரம் ஒரு நாள் முழுத் தீயில் ஓட்டிவிடுங்கள், கரி கட்டாது. மூன்றாவது நாளிலேயே பேட்டரி இறங்குகிறது என்றால் இன்ஜினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டியதுதான். உறுமலுக்கு நான் பழகிக்கொள்கிறேன்.

அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டுப் போட்டோ அனுப்புங்கள். வார்த்தையில் சொன்னால் நம்பமாட்டேன்.

நான்கு எப்படி வந்தது என்று காலின் கேட்டால் சொல்வதற்காக இதையும் எழுதுகிறேன். சுவர் வழியாகப் போகும் சூடு, கூரை வழியாகப் போவது, ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போவது, இனிமேல் நீங்கள் கை வைக்கவே கூடாத அந்தத் துவாரங்கள் வழியாகப் போவது, எல்லாவற்றையும் செலவில் எழுதிவிட்டேன். வரவில் ஹீட்டரைத் தவிர இன்னொன்றும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு தரும் என்று எங்களுக்குப் பாடத்தில் இருந்தது. படகில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாமல் கணக்கு முடியாது.

இரண்டு பேர் என்று போட்டிருக்கிறேன்.

செவ்வந்தி